மொரிஷியஸில் சிவில் எஞ்சினியராக இருப்பவர் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க என்ன செய்ய வேண்டும்? தொழில் அனுபவம் அரசியலில் உதவுமா?

உங்கள் கம்பெனிக்கு அரசாங்கத்தோடு கான்ட்ராக்ட் ஏதாவது இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். கட்சி, தொகுதி எல்லாம் அப்புறம். வக்கீலோ வாத்தியாரோ தேர்தலில் நிற்கும்போது அவ்வளவாக வராத இந்தச் சிக்கல் எஞ்சினியருக்கு வாசலிலேயே நிற்கும்.

அரசியலமைப்பின் 34வது பிரிவுப்படி, அரசாங்க கான்ட்ராக்டில் நீங்கள் நேரடியாகவோ, கூட்டு நிறுவனத்தின் பார்ட்னராகவோ, கம்பெனியின் டைரக்டர் அல்லது மேனேஜராகவோ சம்பந்தப்பட்டிருந்தால், வேட்புமனு தாக்கல் செய்த 14 நாளுக்குள் அதை அறிவிக்க வேண்டும். கான்ட்ராக்ட் என்ன, அதில் உங்கள் பங்கு என்ன என்பதை ஆங்கிலத்தில், அரசிதழிலும் உங்கள் தொகுதியில் விற்கும் ஒரு செய்தித்தாளிலும் வெளியிட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் போதாது. தவறினால் தகுதி போய்விடும். ஜெயித்த பிறகும் கவனம் தேவை: புதிதாக ஒரு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சபாநாயகரிடம் தெரிவித்து விலக்கு வாங்காவிட்டால் பதவியே காலியாகலாம். டைரக்டர் பதவிகளை மனு தாக்கலுக்கு முன்பே விட்டுவிடுவதுதான் நிம்மதி என்பது என் கருத்து.

அரசு ஊழியரும் உள்ளாட்சி ஊழியரும் நிற்கவே முடியாது. அமைச்சகத்திலோ நகராட்சியிலோ எஞ்சினியர் என்றால் முதலில் வேலையை விட வேண்டும். வளைகுடாவில் புராஜெக்ட் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மனு தாக்கலுக்கு முன் மொத்தம் 2 வருடமாவது மொரிஷியஸில் வசித்திருக்க வேண்டும், அதிலும் கடைசி 6 மாதம் தொடர்ச்சியாக. ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை எஞ்சினியருக்குப் பொருட்டே இல்லை.

இனி டிக்கெட். முக்கியத் தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 3 பேர்; ரொட்ரிக்ஸ் தீவில் 2 பேர். ஆக மொத்தம் 62. ஒவ்வொரு வாக்காளரும் சரியாக 3 பேருக்கு (ரொட்ரிக்ஸில் 2 பேருக்கு) வாக்களித்தே ஆக வேண்டும், குறைந்தாலும் கூடினாலும் சீட்டு செல்லாது. அதனால் மக்கள் பெரும்பாலும் கூட்டணியின் மூவருக்கும் சேர்த்தே போடுகிறார்கள். நாம் "3-0" என்று சொல்வது அதைத்தான். 2024 நவம்பரில் ஒரே கூட்டணி 62ல் 60 இடம் பிடித்ததற்கு இந்த முறையும் ஒரு காரணம். நல்ல எஞ்சினியர் என்று ஊரே பாராட்டினாலும் தனியாக நின்று ஜெயிப்பது அபூர்வம். பெரிய கூட்டணியின் மூன்றில் ஒரு பெயராக வருவதுதான் நடைமுறை வழி.

அந்த மூன்று பெயரையும் கட்சித் தலைமை சமூகக் கணக்குப் பார்த்துத்தான் போடும். மனுவில் சமூகத்தையும் குறிப்பிட வேண்டும். (2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டத்தால் விலக்கு கிடைத்தது.) இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் (மற்ற மூன்றிலும் சேராதவர்கள்) என்று நான்குதான்; தமிழர் இந்துப் பிரிவிலேயே அடங்குவதால், 'பெஸ்ட் லூசர்' இடங்களில் (தோற்ற வேட்பாளர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்துத் தரப்படும் கூடுதல் இடங்கள்) நமக்கெனத் தனிக் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கே இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் ஓடுகிறது!

தொழில் அனுபவம் உண்மையில் கைகொடுப்பது வடிகால் விஷயத்தில்தான். 2013 மார்ச் 30ஆம் தேதி போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் இறந்த பிறகு, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்பது எல்லாத் தொகுதியிலும் கேட்கப்படும் கேள்வியாகிவிட்டது. 2017ல் நில வடிகால் ஆணையத்துக்குத் தனிச் சட்டமே வந்தது. கிராம சபையிலோ நகராட்சியிலோ சில வருடம் உறுப்பினராக இருந்து, எந்தக் கால்வாய் எங்கே அடைபடுகிறது, யார் நிலத்தைத் தாண்டிப் போகிறது என்று வரைபடத்தோடு பேசத் தெரிந்தவரைக் கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள். அதோடு, வருடாவருடம் வரும் தணிக்கை இயக்குநர் அறிக்கையைப் படியுங்கள். செலவு ஏன் எகிறியது, வேலை ஏன் தாமதமானது என்பதை மற்ற வேட்பாளர்களைவிட நீங்கள் சீக்கிரம் பிடித்துவிடுவீர்கள்.

இந்தத் தொழிலிலிருந்து வந்தவருக்கு உதாரணம், தொழிற்கட்சியின் ஒஸ்மான் மஹோமெட். 'மொரீஸ் இல் டியூராப்ள்' (நீடித்த வளர்ச்சிக்கான அரசுத் திட்டம்) கமிஷன் தலைவராக இருந்து, பிறகு நாடாளுமன்றம் வந்து, 2024ல் தரைப் போக்குவரத்து அமைச்சரானார்.

மேடையில் எல்லாம் க்ரியோல்தான். கால்வாயின் கொள்ளளவை வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று சொல்லாதீர்கள். எந்தத் தெருவில், எந்த வீட்டு வாசல் வரை தண்ணீர் ஏறும் என்று சொல்லுங்கள்.