மழையில் கம்ப்யூட்டர் கார் ஏமாற்றுகிறதா? 900 வெள்ளி செலவழிக்குமுன்...

கேள்வி: நானும் மகனும் வார இறுதியில் வீட்டில் எஃப்1 பந்தய விளையாட்டு ஆடுவோம். காய்ந்த தடத்தில் கம்ப்யூட்டரின் சிரம அளவை 75-இல் வைத்தாலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடுவேன். மழை பிடித்தால் போதும், கம்ப்யூட்டர் கார்கள் வெயிலில் ஓடுவதுபோல் ஓடுகின்றன; நான் கடைசி. கடைக்காரர் ஒருவர், "உங்கள் ஸ்டியரிங் பழசு, 900 வெள்ளிக்குப் புதுசு போடுங்கள்" என்கிறார். இணையத்தில் இன்னொருவர் மாதம் 15 வெள்ளிக்கு 'மழை செட்டப்' (மழைக்கென்று காரின் இறக்கை, பிரேக் போன்றவற்றைச் சரிசெய்து வைத்த கோப்பு) தருகிறாராம். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா? நான் எதை வாங்குவது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த மாதம் வேண்டாம்.

கம்ப்யூட்டருக்குச் சலுகை இருப்பது உண்மை. முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்ப்புகையில் உங்கள் திரை வெளுத்துப்போகிறது. கம்ப்யூட்டர் ஓட்டுநர் திரையைப் பார்த்து ஓட்டுவதில்லை. வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர், பக்கத்துக் கார் எங்கே, இப்போது தரையில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது எல்லாமே அதற்கு எண்ணாகக் கிடைத்துவிடுகிறது. கிரான் டூரிஸ்மோ என்ற இன்னொரு பந்தய விளையாட்டுக்காக சோனி உருவாக்கிய செயற்கை அறிவு ஓட்டுநர் சோஃபி, உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைத் தோற்கடித்து 2022-இல் நேச்சர் ஆய்விதழ் வரை போனது. அதுவும் தடத்தின் வடிவத்தை எண்களாக வாங்கிக்கொண்டுதான் ஓட்டியது. மனிதன் வழுக்கிப் பார்த்துத்தான் பிடிப்பைத் தெரிந்துகொள்கிறான். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது அந்த 75. அதை நீங்கள் காய்ந்த தடத்தில் உங்கள் கைக்கேற்பப் பொருத்தினீர்கள். ஈரத்தில் கம்ப்யூட்டர் கார் எவ்வளவு வேகம் இழக்கவேண்டும் என்பதை விளையாட்டைச் செய்தவர்கள் தனியாக முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கை வெளியே சொல்லமாட்டார்கள். புதுப்பிப்பு வரும்போது "ஈரத்தடத்தில் எதிராளிகளின் வேகம் சீரமைக்கப்பட்டது" என்று ஒரு வரி போடுவார்கள். கூட்டினார்களா, குறைத்தார்களா, எந்தத் தடத்தில் என்று கேட்டால் பதில் வராது. 2025 வரை ஆண்டுதோறும் புதுப் பெட்டிக்கு முழு விலை வாங்க மட்டும் தவறியதில்லை. வாங்குகிறவன் தானே அளந்து பார்க்கவேண்டிய நிலை.

அதனால் அளந்து பாருங்கள். தாளும் பேனாவும் போதும். ஒரே தடம், ஒரே கார். காய்ந்த நிலையில் உங்கள் நல்ல சுற்று நேரத்தையும் நடுவரிசைக் கம்ப்யூட்டர் கார் ஒன்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கனமழையில் அதே இரண்டு நேரங்கள். காய்ந்த தடத்தில் இருவருக்கும் 100 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மழையில் நீங்கள் 115, அது 110 என்றால் அந்த 5 விநாடி பெரும்பாலும் உங்கள் ஓட்டத்தில்தான் இருக்கிறது. நீங்கள் 115, அது 102 என்றால் விளையாட்டின் கணக்கே கோணல். சங்கடப்படாமல் மழைப் பந்தயத்துக்கு மட்டும் அளவை 75-லிருந்து இறக்குங்கள். எஃப்1 விளையாட்டுகளில் அந்த அளவுகோல் 0 முதல் 110 வரை போகிறது. நகர்த்தத்தானே வைத்திருக்கிறார்கள்!

உண்மையான ஏமாற்று வேறு வகை. நீங்கள் முந்தினால் எதிராளிக்கு ரகசியமாக வேகம் கூட்டுவது, பின்தங்கினால் குறைப்பது. இதை ரப்பர் பேண்டிங் என்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: சில சுற்றுகள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். எதிராளிகளின் சுற்று நேரமும் உங்களோடு சேர்ந்து கூடினால் ஏமாற்று இருக்கிறது. அப்படியே நின்றால் இல்லை.

இனி ஓட்டம். மழை பெய்தாலும் நீங்கள் காய்ந்த தடத்து வழியிலேயே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். திரையில் வண்ணக் கோடு வழிகாட்டுகிறதே, அது பெரும்பாலும் அந்த வழியைத்தான் காட்டும். வெயிலில் பிடிப்புத் தந்த ரப்பர் படிவுதான் நனைந்ததும் வழுக்குகிறது. அசல் ஓட்டுநர்கள் ஈரத்தில் வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் பார்ப்பது அதனால்தான். உங்கள் விளையாட்டில் இது வேலை செய்கிறதா என்று ஒரு வளைவில் இரு வழியும் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை முன்னதாக, கார் நேராக இருக்கும்போதே பிடித்து, திருப்புமுன் விட்டுவிடுங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது ஒரு கியர் கூட்டி வையுங்கள், பின்சக்கரம் சுழலாது. வெள்ளைக் கோட்டிலும் வண்ணமடித்த ஓரக்கல்லிலும் ஏறவே வேண்டாம்.

டயரையும் பாருங்கள். நீலக் கோடு போட்ட முழுமழை டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் நீரை வெளியேற்றும். பச்சைக் கோடு போட்ட இடைநிலை டயர் 30 லிட்டர்தான். கனமழையில் பச்சையோடு நின்றுகொண்டு கம்ப்யூட்டரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் சிங்கப்பூர் மரினா பே தடத்தில் 2008 முதல் இரவுப் பந்தயம் நடந்தும், ஈரத்தில் முதலில் ஓடியது 2017-இல்தான். முன்வரிசையில் நின்ற வெட்டலும் வெர்ஸ்டாப்பனும், இரண்டாம் வரிசையிலிருந்து பாய்ந்த ரைக்கோனனும் முதல் வளைவை எட்டுமுன்பே மோதிக்கொண்டார்கள். ஐந்தாவதாக நின்ற ஹேமில்டன் வென்றார். அந்த மூவரில் யாருடைய ஸ்டியரிங்கும் மலிவுச் சரக்கு கிடையாது.

இந்த மழை செட்டப் வியாபாரம் எனக்கு எரிச்சலூட்டுவது. செட்டப் என்பது இன்னொருவர் கைக்குத் தைத்த சட்டை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உதவியை அணைத்துவிட்டு ஓட்டுகிறவருடைய கோப்பு, அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எதற்கு? அடுத்த புதுப்பிப்பில் அதுவும் செல்லாது. அதனால்தான் மாதச் சந்தா. விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தட அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையின் அளவைச் சற்றுக் கூட்டுங்கள். முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் விகிதத்தை ஓரிரு புள்ளி பின்பக்கம் தள்ளுங்கள். ஈரத்தில் காரின் பாரம் முன்பக்கம் குறைவாகவே சாய்வதால் முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். இது போதும், 15 வெள்ளியை மகனுக்குக் கொடுங்கள்.

பணம் செலவழிக்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்று உண்டு: பிரேக் பெடல் பழுதாகியிருந்தால். இதைப் பொறுமையாகப் பாருங்கள், கடைக்காரர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அமைப்புகளில் பெடல் சோதனைத் திரைக்குப் போய் பிரேக்கை மிக மெதுவாக மிதியுங்கள். பட்டை சீராக ஏறவேண்டும். 30-லிருந்து திடீரென 90-க்குத் தாவினாலோ, காலை அசைக்காதபோதும் நடுங்கினாலோ பெடலுக்குள் இருக்கும் உணர்கருவியில் அழுக்கு அல்லது தேய்மானம். காய்ந்த தடத்தில் அந்தத் தாவல் தெரியாது, பிடிப்பு மன்னித்துவிடும். மழையில் உடனே சக்கரம் பூட்டும். அப்படியானால் மின்தொடர்புச் சுத்திகரிப்பு ஸ்பிரே ஒன்றை முதலில் அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பெடலை மட்டும் மாற்றுங்கள். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் வகை நல்லது. பட்டை சீராக ஏறினால் உங்கள் பெடலில் குறையில்லை. பிரேக்கில் குறை இருந்தாலும் அதற்காக ஸ்டியரிங்கை மாற்ற வேண்டியதில்லை.

அப்படியும் அந்த 900 வெள்ளிப் பெட்டியில் ஆசை விடவில்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பல நேரம் அது மோட்டார் அடிப்பகுதியின் விலை மட்டும். கைச்சக்கரம் தனி, பெடல் தனி, பொருத்தும் சட்டம் தனி. எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் செய்த ஸ்டியரிங் பிளேஸ்டேஷனில் ஓடாது. "அடாப்டர் போட்டால் ஓடும்" என்று விற்பார்கள். கன்சோலின் அடுத்த புதுப்பிப்பில் அது நின்றுபோனால் விற்றவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாக, குறையுள்ள பொருள்களுக்கென்று 2012 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. தனிநபரிடம் இணையத்தில் வாங்கிய பழைய ஸ்டியரிங்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப்போடலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளி. 2 ஆண்டுக்குள் போடவேண்டும்.