ஏழாவது போகும் மகனை ஆறாவதிலேயே வைக்கலாமா?

வணக்கம் சகோதரி. அரசுப் பள்ளியில் ஏழாவது போகும் மகன் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், ஆறாவதிலேயே இன்னொரு வருடம் வைக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாவது வரை எல்லோருக்கும் தேர்ச்சிதான். தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று 2024 டிசம்பரில் வந்த மாற்றம் கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு, அதுவும் 5, 8 வகுப்புகளுக்கு மட்டும்.

அதே பாடத்தை அதே வேகத்தில் மறுபடி கேட்டால் வாசிப்பு வந்துவிடாது. தலைமையாசிரியரைப் பார்த்து, ‘திறன்’ திட்டத்தில் மகனைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 6 முதல் 9 வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை வராத பிள்ளைகளுக்காக 2025இல் தொடங்கியது அது. வீட்டில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தினமும் கால் மணி நேரம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம், கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.