பக்கத்துக் காட்டுக்காரர் ஏன் மரம் வைக்கிறார்?

கேள்வி: தாராபுரம் அருகே எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டாங்காடு. போர் வற்றி எட்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில்தான் அக்கம்பக்கத்தார் மரக்கன்று வைக்கிறார்கள். ஒன்றும் விளையாத மண்ணில் மரம் மட்டும் எப்படி வரும்? நானும் வைக்கலாமா?

பதில்: மரம் வைப்பவர்களைக் கேட்டால் மழை, நிழல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் விஷயம் வெளியே வரும். ஆள் கிடைப்பதில்லை. முன்பு களை வெட்ட வந்தவர்கள் இப்போது விடியற்காலையில் பனியன் கம்பெனி வண்டி ஏறித் திருப்பூர் போய்விடுகிறார்கள். சோளம் விதைத்தால் உழவு, களை, அறுப்பு என்று வருடா வருடம் கைக்காசு இறங்கும். மழை ஏமாற்றினால் போட்டதும் போச்சு. மரத்துக்கு முதல் மூன்று வருடம்தான் பாடு. விலை படியவில்லையென்றால் வெட்டாமல் நிறுத்தி வைக்கலாம். தக்காளியை அப்படி வைக்க முடியுமா?

மண் விஷயத்துக்கு வருவோம். மேல்மண் அரித்துப்போன காட்டில் பயிர் வாடுகிற நேரத்திலும், அடியில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். ஊன்றிய மரம் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். உதிர்கிற இலை மக்கி, மெல்ல மெல்லப் புது மேல்மண் சேரும்.

அதற்காக எதை நட்டாலும் வந்துவிடாது. காட்டில் மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டிப் பாருங்கள். வெள்ளையாகச் சுக்கான் கல் வந்தால் அதன் மேல் எலுமிச்சை பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். குழியில் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் அப்படியே நின்றால் சவுக்கை மறந்துவிடுங்கள். தண்ணீர் இல்லாத, ஆழமில்லாத மண்ணில் மலைவேம்பும் தேக்கும் குச்சியாகவே நிற்கும். வேம்பும் வெள்வேலும் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும்.

சந்தனம் வைத்தால் கோடி என்று சொல்லிக் கன்று விற்பவர்கள் உங்களையும் தேடி வருவார்கள். 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம், சரி. ஆனால் பக்கத்தில் வேறொரு செடியின் வேரை உறிஞ்சித்தான் அது வளரும். வைரம் பாய்ந்த பிறகு ராத்திரிக் காவல் யார் இருப்பது?

நான் சொல்வது உங்கள் ஊர்ப் பழைய வழிதான், கொறங்காடு. சுற்றிலும் கிளுவைக் கிளைகளை வெட்டி ஊன்றி உயிர்வேலி, உள்ளே முப்பதடிக்கு ஒரு வெள்வேல், இடையில் கொழுக்கட்டைப் புல். ஏக்கருக்கு ஐம்பது மரம்கூட வராது, புல்லுக்கு வெயில் கிடைக்கும். கோடையில் புல் காயும்போது வெள்வேல் நெற்று உதிரும், செம்மறி பொறுக்கித் தின்னும். ஆடு வளர்க்க முடியாவிட்டால் மேய்ச்சலுக்குக் குத்தகை விடலாம். மரம் விற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கன்று தலைக்கு மேல் வளரும்வரை மட்டும் ஒவ்வொன்றையும் சுற்றி முள் அடைத்துவிடுங்கள்.

ஆடியிலேயே இரண்டடிக் குழி எடுத்து ஆறப்போடுங்கள். சுக்கான் மண்ணை ஒதுக்கிவிட்டுக் குளத்து வண்டல் போட்டு நிரப்புங்கள். புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்ததும் நட்டு, சரிவுப் பக்கம் பிறை மாதிரி சின்ன வரப்பு கட்டுங்கள். முதல் கோடையில் வாரம் ஒரு குடமாவது ஊற்ற வேண்டும். வேலி ஓரத்தில் விலை மரம் ஏதாவது வைத்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதும் அடங்கல் கணக்கில் ஏற்றிவிடுங்கள். வெட்டும்போது அந்தப் பதிவு தேவைப்படும்.