தைராய்டு ரிப்போர்ட்டில் 1.1 என்பது 14 ஆனது ஏன்? மாத்திரையை நிறுத்தலாமா?

பர்மாவின் மோல்மேனிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். உறவினர் திருமணத்துக்காகச் சென்னை போயிருந்தபோது, அசதியும் முடி உதிர்வும் அதிகமாக இருந்ததால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அதில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5.8 என்றும், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 1.1 என்றும் வந்தன. ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து யாங்கோனில் செய்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 7.9, ஃப்ரீ டி4 14 என்று வந்தது. உள்ளூர் மருத்துவர் தினமும் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டும் அசதி குறையவில்லை. “1.1 ஆக இருந்தது 14 ஆகிவிட்டதே, நோய் முற்றிவிட்டதா? தொடங்கினால் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும், இப்போதே நிறுத்திவிடு என்கிறார் மாமியார். முட்டைக்கோஸையும் விடச் சொல்கிறார். அடுத்த ஆண்டு இரண்டாவது குழந்தைக்கு எண்ணியிருக்கிறோம். என்ன செய்வது?” என்பது அவர் கேள்வி. எடை 60 கிலோ என்றும், வேறு நோய் இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்த 14 பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். உங்களுடைய ஃப்ரீ டி4 ஏறவே இல்லை. சென்னை ஆய்வகம் அதை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற அளவில் அச்சிட்டிருக்கிறது. யாங்கோன் ஆய்வகம் ஒரு லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்ற அளவில் கொடுத்திருக்கிறது. முதல் அளவை 12.87 ஆல் பெருக்கினால் இரண்டாவது அளவு கிடைக்கும். 1.1 ஐ அப்படிப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 14.2 வரும். ஆக, இரண்டு மாத இடைவெளியில், இரண்டு நாடுகளில் பார்த்த ஹார்மோன் அளவு ஒன்றாகவே இருக்கிறது. இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் போய்வருகிறவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. இனி எந்த ரிப்போர்ட்டை வாங்கினாலும், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும், அந்த ஆய்வகம் அதற்கு நேரே அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பையும் சேர்த்தே படியுங்கள். இரண்டு ரிப்போர்ட்டுகளையும் ஒரே கவரில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பழையதைத் தூக்கிப்போட வேண்டாம்.

உண்மையில் மாறியிருப்பது டி.எஸ்.எச். தான். இது தைராய்டு சுரப்பியில் உண்டாவதல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் உள்ள தைராய்டைப் பார்த்து ‘இன்னும் சுரக்கவேண்டும்’ என்று அனுப்பும் கட்டளை. அரிசி ஆலையில் மூட்டை குறையக் குறைய மேஸ்திரியின் குரல் உயர்வதைப் போல, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் சற்றுக் குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். ஆகவே ஹார்மோன் வரம்புக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். உயர்ந்து காட்டுவது இயல்பு. பெரும்பாலான ஆய்வகங்கள் பெரியவர்களுக்கு இதன் இயல்பு வரம்பை ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்று வைத்திருக்கின்றன. டி.எஸ்.எச். கூடுதல், ஃப்ரீ டி4 இயல்பு என்ற உங்கள் நிலையை மருத்துவத்தில் அறிகுறி தெளிவாகாத ஆரம்ப நிலைத் தைராய்டு குறைபாடு என்று கணக்கிடுகிறோம். ஃப்ரீ டி4 உம் வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் அது முழுக் குறைபாடு. இந்த வேறுபாடு தெரியாமல், “எனக்குத் தைராய்டு வந்துவிட்டது” என்று அஞ்சி ஒடுங்கிப்போகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆரம்ப நிலையில் இருக்கும் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. டி.எஸ்.எச். 10 ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து தொடங்குகிறோம். அதற்குக் கீழே இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே முதல் வேலை. கணிசமானவர்களுக்கு அது தானே இறங்கிவிடுகிறது. 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடத்தி 2017 இல் வெளியிடப்பட்ட டிரஸ்ட் ஆய்வில், இந்த ஆரம்ப நிலைக்கு லெவோதைராக்சின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் அசதியிலோ மற்றத் தைராய்டு அறிகுறிகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மாமியாருக்கு இதே ரிப்போர்ட் வந்திருந்தால், பெரும்பாலும் காத்திருந்து பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் விஷயம் வேறு. இரண்டு முறை பார்த்தும் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அதோடு குழந்தைக்கு எண்ணுகிறீர்கள். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிசு தனக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனுக்குத் தாயையே நம்பியிருக்கிறது. அதன் சொந்தத் தைராய்டு கர்ப்பத்தின் நடுப்பகுதியில்தான் ஓரளவுக்குச் சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே உங்கள் மருத்துவர் 50 மைக்ரோகிராம் தொடங்கியது பொருத்தமான முடிவு என்பதே என் கருத்து. உங்கள் எடைக்கு முழு அளவு மாற்று ஹார்மோன் வேண்டுமானால், கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கில் சுமார் 100 தேவைப்படும். அதில் பாதியைக் கொடுத்திருப்பதற்குக் காரணம், உங்கள் சுரப்பி இன்னும் தன் வேலையின் பெரும்பகுதியைச் செய்துகொண்டிருப்பதுதான். தயவுசெய்து இப்போது நிறுத்த வேண்டாம்.

ஒரு பரிசோதனை மட்டும் விடுபட்டிருக்கிறது: ஆன்டி டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடி பரிசோதனை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கி மெல்ல மெல்ல நலிவடையச் செய்யும் நோயை ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912 இல் விவரித்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தத் தாக்குதல் நடக்கிறதா என்பதை இந்த ஆன்டிபாடி காட்டும். ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. கழுத்தில் கட்டியோ வீக்கமோ தென்படாதவரை ஸ்கேனும் வேண்டாம். பேக்கேஜ் என்று சேர்த்துத் தரப்படும், டி3 என்ற மற்றொரு தைராய்டு ஹார்மோனின் பரிசோதனையும் குறைபாட்டைக் கண்டறிய உதவாது.

ஆயுள் முழுவதுமா என்ற கேள்விக்கு விடை இந்த ஆன்டிபாடியில் பாதி இருக்கிறது. அது இருந்தால், காலப்போக்கில் சுரப்பி மேலும் தளர்ந்து மருந்து நிரந்தரமாகத் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால், பிரசவத்துக்குப் பிறகு மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்க்க இடமுண்டு. எப்படியானாலும் மாத்திரை சுரப்பியைச் சோம்பேறியாக்கிவிடாது. நிறுத்தினால் சில வாரங்களில், சுரப்பி தன்னால் முடிந்த பழைய அளவுக்கே திரும்பும். நீண்ட காலம் சாப்பிட வேண்டி வருவது நோயின் தன்மையால். மாத்திரை தொடங்கியதால் அல்ல. இதை உங்கள் மாமியாரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார்.

மூன்று வாரத்தில் பலன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ரத்தத்தில் சேர்ந்த டி4 இல் பாதி கழிய ஏறக்குறைய 7 நாள் ஆகிறது. தினமும் சேர்வதும் கழிவதும் சமநிலைக்கு வர ஐந்து வாரம் வேண்டும், டி.எஸ்.எச். அதற்குப் பின்தான் நிலைகொள்ளும். ஆகவே தொடங்கியதிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பாருங்கள். அதற்கு முன் பார்த்து அளவை ஏற்றி இறக்க வேண்டாம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த அளவு டி.எஸ்.எச். உயர்வு உங்கள் அசதி முழுவதற்கும் காரணமாக இருக்குமா என்பது ஐயமே. அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாக உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவாலேயே அசதியும் முடி உதிர்வும் வரும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர்களில் விடிந்ததும் டீக்கடையிலிருந்து கெட்டியான பால் டீ வந்துவிடுகிறது. அதோடு மாத்திரையையும் விழுங்கிவிடுகிறவர்கள் பலர். அப்படிச் செய்தால் மருந்தின் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் போய்விடும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீயோ மொகிங்காவோ சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஆகியவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பத்தில் இரும்பும் கால்சியமும் கட்டாயம் எழுதப்படும் என்பதால் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. காலையில் முடியாது என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்முன் எடுக்கலாம், ஆனால் தினமும் அதே முறையில். பங்குனி உத்திர விரதம் போன்ற நாட்களில் தண்ணீர் அருந்துவீர்களானால் மாத்திரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் மறந்தாலும் அஞ்ச வேண்டாம், நினைவு வந்ததும் அன்றே எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் மோல்மேனின் ஈரக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லெவோதைராக்சின் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் ஈரத்திலும் வீரியம் குறையக்கூடியது. கடையில் உதிரி மாத்திரைகளாகச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். அட்டையோடு, காலாவதித் தேதி தெரியும்படி வாங்குங்கள். முடிந்தவரை ஒரே கம்பெனி மருந்தைத் தொடருங்கள். வாங்கியது தீர்ந்து வேறு கம்பெனிப் பெயரில் கிடைத்ததென்றால் அதைச் சாப்பிடலாம், ஆனால் 6 வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.

ரத்தம் கொடுக்கும் நாளில் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஒவ்வொரு முறையும் காலையில், அன்றைய மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன் கொடுங்கள்; டி.எஸ்.எச். இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்கும் இயல்புடையது. காய்ச்சலில் இருக்கும்போது பரிசோதனை வேண்டாம். முடி உதிர்வுக்காகப் பயோடின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4 ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும்.

முட்டைக்கோஸைச் சமைத்து அளவாகச் சாப்பிடுவதில் எந்தத் தடையும் இல்லை. அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில், பச்சையாக, நாள்தோறும் மிகுதியாக உண்டால்தான் அது பொருட்படுத்தத்தக்கது. சோயா மருந்தை உறிஞ்சவிடாமல் தடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஷான் டோஃபு கடலை மாவில் செய்வது, சோயா அல்ல, தாராளமாகச் சாப்பிடுங்கள். கவனிக்க வேண்டியது உப்பை. ஷான், சின், கச்சின் மலைப்பகுதிகளில் முன்கழுத்துக் கழலை நெடுங்காலமாக இருந்துவந்ததற்கு அயோடின் குறைவே காரணம். கடலோரத்தில் இருக்கிறோம் என்பதால் நாம் தப்பிவிட முடியாது, உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பில் போதிய அயோடின் இருப்பதில்லை. சமையலுக்கு அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பை வாங்கி, மூடிய டப்பாவில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கும் சமயத்தில் போடுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும் கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் அயோடின் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்காகக் கடற்பாசி மாத்திரைகளைத் தேடி வாங்க வேண்டாம். மிகையான அயோடினும் தைராய்டை முடக்கும்.

குழந்தைக்கு முயல்வதற்கு முன் டி.எஸ்.எச். 2.5 க்குக் கீழே வந்திருப்பது நல்லது. மருந்து கூடிப்போனால் படபடப்பு, கைநடுக்கம், காரணமில்லாத எடைக்குறைவு தோன்றும். அப்போது நீங்களாக நிறுத்தாமல் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானதும், மருந்தின் தேவை நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூடும். வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9, அதாவது இரண்டு நாட்களில் இரண்டிரண்டாக, அன்றிலிருந்தே எடுப்பது வழக்கமான ஏற்பாடு. யாங்கோன் பயணத்துக்கோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கோ காத்திருக்காமல் இதைத் தொடங்கலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். பிறகு கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை 4 வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பிரசவமானதும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஆன்டி டி.பி.ஓ. இருப்பவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தைராய்டு சற்று ஏறி இறங்குவது உண்டு.

பிறக்கும் குழந்தைக்கும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். பிறவித் தைராய்டு குறைபாடு சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படாமல் காப்பாற்றலாம். நம் நாட்டில் எல்லா மருத்துவமனையிலும் இதைத் தாமாகச் செய்வதில்லை, பிரசவத்துக்கு எங்கே போவதென்று முடிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.