அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனரில் என்ன எழுதுவது? (கேட்டவர் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமம், அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து வைக்கிறார்கள்)

முதலில் தேதியை உறுதி செய்யுங்கள். அதிகம் பிழைபடுவது அங்கேதான். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடுகிறது. 12ஆம் தேதி விடியற்காலை 3 மணிக்கு உயிர் பிரிந்திருந்தால் வீட்டில் பாதிப்பேர் 11 என்பார்கள், இறப்புச் சான்றிதழில் 12 என்றிருக்கும். பேனரில் ‘மறைவு’ என்ற இடத்தில் சான்றிதழில் உள்ள தேதியையே போடுங்கள். திதி கொடுக்கும் நாள் வேறு கணக்கு. இறந்த நேரத்தைச் சொல்லி, தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று ஐயரிடமோ பூசாரியிடமோ கேட்டு வாங்குங்கள். அது ஆங்கிலத் தேதியிலிருந்து பல நாள் முன்னோ பின்னோதான் வரும். ஒகேனக்கல் போய்க் காவிரிக்கரையில் கொடுப்பதானால் ஊரில் சாப்பாடு அன்றைக்கா மறுநாளா என்பதையும் பேனரில் ஒரு வரியாகச் சேருங்கள். வெளியூர்ச் சொந்தம் ஆளில்லாத வீட்டுக்கு வந்து நிற்கக் கூடாது.

வாசகம். ‘அன்பின் திருவுருவே, பாசத்தின் சிகரமே’ என்று கடைக்காரர் கணினியில் தயாராக வைத்திருப்பார். எந்த அம்மாவுக்கும் பொருந்துவது அது, அதனாலேயே வேண்டாம். அவர் கை பட்ட ஒரு வேலையை எழுதுங்கள்: ‘புளி தட்டிய கூலியில் எங்கள் மூவரையும் படிக்க வைத்தாய்’, ‘விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் எங்களை எழுப்புவாய்’. ஊரில் யார் படித்தாலும் இன்னாரைச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். நான்கு வரிக்கு மேல் போனால் பைக்கில் போகிறவர் படிக்கமாட்டார்.

அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வாசகம் ஒட்டாது. பிள்ளைகள் ‘நீ’ என்றே அழைத்த வீட்டில் ‘தங்களின் பிரிவால்’ என்று எழுதினால் யாரோ மேலதிகாரிக்கு எழுதியது போலிருக்கும். ‘நீ’, ‘உங்கள்’ இரண்டையும் கலப்பது அதைவிட மோசம். மேலே பிள்ளைகளின் வரிகள், கீழே கணவர் பெயரில் தனியாக ஒரே ஒரு வரி என்று பிரித்துவிடுங்கள். அந்த வரியை அப்பாவே சொல்லட்டும். ‘எனக்கு முன்னால போயிட்டா’ என்று மட்டும் சொன்னாலும் அப்படியே அச்சிடுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

பெயர்ப் பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது அம்மாவின் பிறந்த வீடு. கோடிச் சேலை கொண்டுவந்த அண்ணன் தம்பிகள் பெயர் இல்லையென்றால் அந்த மனக்குறை அடுத்த கல்யாணம் வரை ஓடும். கணவர், மகன்–மருமகள், மகள்–மருமகன், பேரப்பிள்ளைகள், அதன்பின் பிறந்த வீட்டார் என்று வரிசை வையுங்கள். இடம் போதாவிட்டால் வாசகத்தைக் குறையுங்கள். ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்காகத் தெலுங்கில் ஒரு வரி சேர்த்தால், தெலுங்கு வாசிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் பார்க்க வேண்டும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். பழைய பாஸ்போர்ட் படம்தான் இருக்கிறது என்றால் செல்போனில் படமெடுக்காமல் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். சுமார் 830 பிக்சல் அகலம் கிடைக்கும். ஆறுக்கு நாலு அடி பேனரில் அதை ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் பெரிதாக்கினால் முகம் மங்கும். கல்யாண வீட்டுக் குழுப் படத்திலிருந்து வெட்டினால் பக்கத்தில் நிற்பவரின் தோள் வந்து ஒட்டிக்கொள்ளும், அதையும் பாருங்கள். முகத்தை வெளுப்பாக்கச் சொல்லாதீர்கள், கடைக்காரர் தானாகவே செய்வார், தடுங்கள்.

நீங்கள் செல்போனில் தட்டிய தமிழ், யூனிகோடு என்ற எழுத்து முறையில் இருக்கும். கடையில் இருக்கும் பழைய மென்பொருளில் அதை ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும், ‘கொ’, ‘போ’ போன்றவை முதலில் உடையும். மறுபடி தட்டினால் புதிதாக ஒரு பிழை வரும். ஆகவே அச்சுக்கு முன் மாதிரிப் படத்தை வாங்கி, எழுதாத ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்க வையுங்கள். இனிஷியல், இரண்டு தேதிகள், மருமக்கள் பெயர்கள் ஆகியவற்றைத் தனியாக இன்னொரு முறை.

சாலையோரம் வைக்க முன் அனுமதி வேண்டும். வீட்டு வாசலோ சொந்த நிலமோ போதும். வளைவில் பார்வையை மறைக்கக் கூடாது. காரியம் முடிந்த மறுநாளே இறக்கி, படம் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மிச்ச ஃபிளெக்ஸைத் தீவனப் போருக்கு மூடலாம்.