அடித்தால் உண்மை வருமா? சித்திரவதை, போர், காவல் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: குண்டு வைத்தவன் கையில் சிக்கிவிட்டான். ஒரு மணி நேரத்தில் வெடிக்கும். நாலு அடி போட்டு உண்மையைக் கறந்தால் என்ன தப்பு?

பதில்: இந்தக் கதையில் எல்லாம் முன்கூட்டியே உறுதி. பிடிபட்டவன்தான் ஆள், அவனுக்கு இடம் தெரியும், அடித்தால் மெய்யே சொல்வான், இன்னும் நேரம் இருக்கிறது. நிஜத்தில் எங்காவது ஒன்று இடிக்கும்.

2002-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பதினொரு வயதுச் சிறுவனைக் கடத்தியவன் பிடிபட்டான். பையன் எங்கோ அடைபட்டுக் கிடக்கிறான் என்று நம்பிய காவல்துறைத் துணைத் தலைவர், தாங்க முடியாத வலி கொடுப்போம் என்று அவனை மிரட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இடத்தைச் சொல்லிவிட்டான். மிரட்டல் பலித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிணைப் பணம் வாங்கப் போவதற்கு முன்பே பையனைக் கொன்றிருந்தான். அதிகாரியைக் குற்றவாளி என்ற நீதிமன்றம், அபராதத்தை மட்டும் விதித்து அதையும் நிறுத்திவைத்தது. அவருடைய தவிப்பைப் புரிந்துகொண்டார்கள், சட்டத்தை வளைக்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் அடித்தால் உண்மை வரும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்?

பதில்: வரும். பொய்யும் கூடவே வரும். எது எது என்று பிரிப்பதில்தான் வம்பு. தீவிரவாதப் பயிற்சி முகாம் நடத்தியதாகச் சொல்லப்பட்ட இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்பவரை 2001 கடைசியில் பிடித்த பிறகு, அமெரிக்கா அவரை எகிப்திடம் ஒப்படைத்தது. அங்கே வதை தாங்காமல், அல்-கொய்தா ஆட்களுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது இராக் என்று சொல்லிவைத்தார். கேட்டவர்களுக்கு அதுதானே வேண்டும்! 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அதை எடுத்துப் பேசினார். மறுமாதம் இராக்மீது போர். மறுவருடம் அல்-லிபி, அது நானே கட்டிச் சொன்னது என்றார்.

கேள்வி: கையை வைக்காவிட்டால் எவன் வாயைத் திறப்பான்?

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படையின் விசாரணை அதிகாரி ஹான்ஸ் ஷார்ஃப் கைதிகளைக் காட்டுப் பாதையில் உலாவ அழைத்துப் போவார். அமெரிக்க விமானங்களின் துப்பாக்கியிலிருந்து சில சமயம் வெள்ளைப் புகைத் தடம் வருவது ஏன் என்று ஜெர்மானியர்களுக்குப் புரியவில்லை. ஒரு விமானியிடம் பேச்சோடு பேச்சாக, “உங்களுக்கு ஏதோ ரசாயனத் தட்டுப்பாடாமே?” என்றார். அவர் சட்டென்று, அதெல்லாம் இல்லை, தோட்டா தீரப்போகிறது என்பதற்கான அடையாளம் அது என்று திருத்தினார். சரி, வேலை முடிந்தது. (அதே ஷார்ஃப் பிற்பாடு அமெரிக்காவில் குடியேறி மொசைக் ஓவியம் செய்து பிழைத்தார்.)

கேள்வி: ஒருவருக்குத் தீவிரவாதி, இன்னொருவருக்குப் போராளி. இதில் நியாயம் எங்கே?

பதில்: எதற்காகச் சண்டை என்பது வேறு, யாரைக் கொல்கிறாய் என்பது வேறு. முதலாவதில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். பேருந்தில் போகிறவர்கள்மீது குண்டு வீச அது அனுமதிச் சீட்டு ஆகாது. அரசாங்கம் வீசினாலும் அப்படித்தான்.

கேள்வி: மருத்துவமனைக்குள் ஆயுததாரிகள் ஒளிந்துகொண்டு சுட்டால்?

பதில்: அங்கிருந்து தாக்கினால் அதன் பாதுகாப்பு போகும். ஆனால் உடனே போகாது. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி முதலில் எச்சரிக்க வேண்டும், பொருத்தமான இடங்களில் கெடுவும் கொடுக்க வேண்டும். அப்புறமும், உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளின் உயிர் கணக்கில் வந்தாக வேண்டும்.

கேள்வி: தப்பு செய்யாதவனுக்கு விசாரணையில்லாக் காவலைப் பற்றி என்ன பயம்?

பதில்: தப்பு செய்தானா என்று பார்ப்பதற்குத்தானே விசாரணை! 2001-இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம், தீவிரவாதி என்று சந்தேகிக்கப்பட்ட வெளிநாட்டவரை மட்டும் வழக்கின்றிக் காலவரையறை இல்லாமல் அடைத்துவைத்தது. அதே சந்தேகத்துக்கு ஆளான உள்நாட்டவர் வெளியே நடமாடினார்கள். 2004 டிசம்பரில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் இது மனித உரிமைக்கு முரண் என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை: அடைபட்டவர் வேறு நாட்டுக்குப் போகச் சம்மதித்தால் விட்டுவிடுவார்கள். அவ்வளவு ஆபத்தானவராகச் சொல்லப்பட்ட ஒருவர் அப்படித்தான் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.