ரேஷன் அரிசியும் உணவுப் பட்டியலும்

கேள்வி: தருமபுரி மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு ஓட்ஸ், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய் என்று அச்சிட்ட பட்டியலையே தருகிறோம். கூலி வேலைக்குச் செல்பவர்கள் அதை மடித்து வைத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த முறையும் சர்க்கரை குறைவதில்லை. நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: பட்டியலுக்கு முன், நீங்கள் கேட்கும் கேள்விகளை மாற்றுங்கள். ரேஷனில் மாதம் எத்தனை கிலோ அரிசி கிடைக்கிறது, அது எத்தனை பேருக்கு, சமைப்பவர் யார், வேலைக்குக் கொண்டுபோகும் தூக்குச்சட்டியில் என்ன இருக்கும் என்பது வரை கேளுங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்புக்கும் பாமாயிலுக்கும் மானிய விலையாவது கொடுத்தாக வேண்டும். கையில் காசில்லாத குடும்பம் சோற்றைக் கொண்டே வயிற்றை நிரப்புவதை நாக்கின் குற்றமாகக் கருதுவது அநியாயம். அரிசியை அடியோடு விலக்கச் சொல்லாமல், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, முருங்கைக் கீரை, ஒரு முட்டை ஆகியவற்றைச் சேர்க்க வழி சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் 2023-இல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதைப் பெறுகிறார்களா என்று விசாரியுங்கள். களியும் மாவுச்சத்துதான் என்பதால், உருண்டையின் அளவைக் கையால் காட்டச் சொல்லிப் பேசுங்கள்.

மாட்டுக்கறி, பன்றிக்கறி உண்பவர்கள் அதை நம் முன் சொல்லத் தயங்குவதற்குச் சாதியே காரணம். முகம் சுளிக்கும் ஆலோசகரிடம் எவரும் உண்மையைச் சொல்லமாட்டார். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் இவ்விரண்டுக்கும் இடமுண்டு. நாம் அச்சிட்டுத் தரும் பட்டியல்களில்தான் பெரும்பாலும் இல்லை. இரத்தச்சோகையுள்ள பெண்ணிடம் மாதுளையும் பேரீச்சையும் வாங்கச் சொல்வதைவிட, வீட்டில் பழக்கமிருந்தால் சுவரொட்டியை, அதாவது ஆட்டின் மண்ணீரலைச் சொல்லுங்கள். அதில் இரும்புச்சத்து மிகுதி, உடலிலும் எளிதில் சேரும். கருவாடு உண்பவருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் உப்பைப் பற்றி எச்சரியுங்கள். ஆனால் அந்த உணவையே இழிவாகப் பேசாதீர்கள்.

‘ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ‘மாதக் கடைசியில் ஒருவேளைதான் உண்கிறார்’ என்று உள்ளதை எழுதினால், மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் மருத்துவருக்கு அது கட்டாயம் தேவைப்படும். சாப்பிடாத நாளிலும் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை உயிருக்கே ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.